பசுமை எனும் அடைமொழி

செந்தாமரை என்பதில் ‘செம்மை’ வெண்டாமரையை விலக்கி நிற்கும் இனஞ்சுட்டிய அடை. செஞ்ஞாயிறு என்பதிலோ விலக்குதற்கு வேறு ஞாயிறு இல்லை. நிலக்கரியைத் தூய்மை செய்வதில் டீசலுக்கு மாற்றாகத் தாவர எண்ணெயைச் சேர்ப்பது ‘பசுமை முறை’ என ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர். இவ்வடை எதனை விலக்குகிறது என ஆராய்வோம்.

அரை மில்லிமீட்டரினும் சிறிய கரித்துகள்களை நீரிற் கலக்கி, சிறிது எண்ணெய் சேர்த்து, காற்றைக் குமிழிகளாகச் செலுத்துவர். நீரோடு ஒட்டாத கரி, எண்ணெய் படிந்து குமிழியைப் பற்றி மேலெழும். நீரோடு ஒட்டும் மண்ணும் களியும் கீழே தங்கும். இதுவே நுரைமிதப்பு முறை.

தாவரப் பொருளை இம்முறையிற் சேர்ப்பது புதுமையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில், உலோகத் தாதுக்களை மிதக்கவைக்க யூக்கலிப்டஸ் எண்ணெய் பயன்பட்டது. ஆதலின் புதுமையை விடுத்துப் பயனையே எடைபோடல் வேண்டும்.

பயன் உண்டு. காற்றுப்பட்டு மாறிய கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கூட்டுகள் மிகுதி. அதன்மீது டீசல் நன்கு பரவாது. சோயா எண்ணெய், பாமாயில் ஆகியவற்றின் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் இருத்தலின், அவை அவ்விடங்களையும் பற்றவல்லன. குறையும் உண்டு. இவை டீசலினும் பிசுபிசுப்பு மிக்கவை. நீரில் நுண்துளிகளாக எளிதிற் சிதறா. பால்போலக் கடைந்து சேர்க்கவேண்டின், அதற்கும் ஆற்றல் செலவாகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் கரிக்கு ஒரு கிலோ டீசல் எனக் கொள்வோம். அது எரிந்தால் எழும் கரியமிலவாயு ஏறத்தாழ 3 கிலோ. ஒரு டன் நல்ல கரி எரிந்தால் எழுவதோ 2,000 கிலோவுக்கும் மேல். மூன்றை முற்றும் நீக்கினும் இரண்டாயிரம் நிற்கிறது! எனவே, வானத்துக் காற்றைப் பொறுத்தவரை இவ்வடை எதனையும் விலக்கவில்லை.

பொருந்தும் இடம் வேறு. தாவர எண்ணெய் கழிவுநீரில் எளிதில் மக்கும். டீசல் ஆவியைத் தொழிலாளர் சுவாசிப்பதும் குறையும். கழிவுக் குட்டையில் வீணாகும் கரி மீளுமாயின், அதுவும் ஆதாயமே. ஆனால், உண்ணும் எண்ணெயைச் சுரங்கத்திற் கொட்டுவது முறையன்று. சமையலிற் பயன்படுத்திக் கழித்த எண்ணெயே ஏற்றது.

ஆகவே, எண்ணெய் பிறந்த செடியைக் கண்டு அடைமொழி சூட்டலாகாது. எவ்வளவு சேர்த்தனர், எவ்வளவு கரி மீண்டது, மீண்ட கரியில் சாம்பல் எவ்வளவு, எஞ்சிய நீர் எத்தன்மையது என்னும் நான்கையும் டீசலோடு ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வே ‘பசுமை’ எனும் சொல்லை ஆளும் உரிமை பெறும்.