அருளிச்செயலை ஆய்வேட்டில் சுட்டும் முறை

வத்திராயிருப்பு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி மாணாக்கர்க்குப் பெரியாழ்வாரும் ஆண்டாளும் சொந்த மண்ணில் அவதரித்தவர்கள். அவர்தம் பாசுரங்களையே ஆய்வேட்டுக்குப் பொருளாகக் கொள்வது இயல்பு. அவ்வேட்டில் மேற்கோளைச் சுட்ட ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிகாகோ ஆகிய முறைகளுள் எதனைக் கொள்வது என்னும் வினா அப்போது எழுகிறது.

ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்னும் அமைப்பை அருளிச்செயலுக்கு அப்படியே பொருத்தினால், ஆழ்வாருடைய திருவாக்கு பதிப்பாசிரியர் பெயராலும் அச்சேறிய ஆண்டாலும் அறியப்படும். வேறு பதிப்பை உடையவர்க்கு அப்பக்க எண் பயன்படாது. மேற்கூறிய முறைகளும் பழநூல்களை அவற்றின் உட்பிரிவு எண்ணால் சுட்ட இடந்தருகின்றன. அவ்விடத்தைப் பயன்கொள்ளாமை மாணாக்கரின் குறையே.

நாலாயிரத்தின் தொடரெண்ணை மட்டும் இடுவதும் போதாது. திருமடல்கள் இரண்டையும் ஒவ்வொரு பாசுரமாகக் கொண்டால் திருவாய்மொழியின் முதற்பாசுரம் 2675ஆம் எண் பெறும். அவற்றை 40, 78 என எண்ணும் வேதாந்த தேசிகரின் கணக்கில் அது 2791. கண்ணிகளாகப் பிரித்து இரண்டுக்கும் சேர்த்து 226 எனக் கொண்டால் 2899. தேசிகரின் கணக்கு இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்களையும் உட்கொண்டு 4000 ஆகிறது. இறுதிக் கணக்கோ திருவாய்மொழியோடே 4000 ஆகிறது. ஆகவே பிரபந்தத்தின் பெயரோடு பத்து, திருவாய்மொழி, பாசுரம் என்னும் அடைவில் 1-1-1 என இடுவதே எப்பதிப்பிலும் வழுவாத முகவரி. தொடரெண் வேண்டுமாயின் பதிப்பைக் குறித்து உடன் சேர்க்கலாம்.

வியாக்யானத்தைச் சுட்டுமிடத்துப் பிழை இன்னும் பெரிதாகும். ஈடு முப்பத்தாறாயிரப்படி நம்பிள்ளை அருளிய காலக்ஷேபம். ஏடுபடுத்தியவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. இருவருள் ஒருவரை மட்டும் ஆசிரியர் என்பது மற்றவரை மறைப்பதாகும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்யானத்தின் பெரும்பகுதி கிடைக்காமையால், அப்பகுதிக்கு மணவாள மாமுனிகள் வியாக்யானம் அருளினார். அதனை அறியாமல் முழுவதையும் பெரியவாச்சான் பிள்ளையின் பெயரால் காட்டும் ஆய்வேடு, காற்புள்ளி தவறாமல் ஏ.பி.ஏ. முறையைப் பின்பற்றினும், ஒரு ஆசார்யரின் திருவாக்கை மற்றொருவர்மேல் ஏற்றிவிடுகிறது.

ஈட்டில் எடுத்தாளப்பட்ட ப்ரமாணங்களின் ஆகரம் விளங்கும்படி ப்ரமாணத் திரட்டு அருளியவரும் மாமுனிகளே. சொன்னவர் யார், சொன்ன இடம் எது என்று காட்டும் கடமை ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. பல்கலைக்கழகம் எந்த முறையை விதித்தாலும் அவ்விரண்டும் தெளிவாக நின்றால் மேற்கோள் நேரிதாகும். நிறுத்தக்குறிகளின் ஒழுங்கு அதற்குப் பிற்பட்டது.