முகத்தைக் கூட்டிவராத குரல்

விண்வெளிப் படங்களில் பிடித்த குரல், பிடிக்காத குரல் பற்றி எழுதும்படி இந்த மலரின் குழுவினர் கேட்டார்கள். எண்ணெய்த் தாங்கிகள், விமானத்தளம், மா ஆலை, ரயில் நிலையம் என்று முகவரி கொண்ட எங்கள் திருகோணமலைச் சீனன்குடாவுக்கும் விண்வெளிக்கும் என்ன ஒட்டு என்று வாசகர் கேட்கலாம். ஒட்டு உண்டு. உலகத் திரையில் மிகப் பெயர்பெற்ற இயந்திரக் குரலைக் கற்பனை செய்த எழுத்தாளர் எங்கள் மாவட்டத்துக் கடலில் முக்குளித்தவர். ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்தார். தோழர் மைக் வில்சனுடன் கோணேசர் மலையடியில் இறங்கி, கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார். அடுத்த ஆண்டே அதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார்.

அவரும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968-இல் வந்தது. அதில் விண்கலத்தைப் பராமரிக்கும் கணினி ஹால் 9000. அதற்கு உடம்பு கிடையாது. ஒரு சிவப்புக் கண், ஒரு குரல், அவ்வளவுதான். முதலில் அமெரிக்க நடிகர் மார்ட்டின் பால்சமைப் பேசவைத்துப் பதிவும் செய்தார்கள். அவர் பேச்சில் அமெரிக்க வாடை தூக்கலாக இருந்ததால் குப்ரிக் அதைக் கைவிட்டார். பிறகு வந்தவர் கனடாவின் மேடை நடிகர் டக்ளஸ் ரெய்ன். 1960-இல் வெளியான ‘யூனிவர்ஸ்’ என்ற விவரணப் படத்தில் அவர் பேசியிருந்ததைக் கேட்டு, தன் படத்துக்குப் பின்னணி சொல்லத்தான் குப்ரிக் அவரை அழைத்தார். பின்னணி சொல்லும் யோசனை போய்விட்டது. ரெய்ன் ஹால் ஆனார். படம் முழுக்க அந்தக் குரல் ஒரு தடவைகூட உயர்வதில்லை. சதுரங்கம் ஆடும்போதும் ஆளைக் கொல்லும்போதும் ஒரே நிதானம், ஒரே மரியாதை. பயப்படுகிற வேலையை எங்களிடம் விட்டுவிடுகிறது. 1984-இல் வந்த ‘2010’ படத்திலும் ஹாலுக்கு ரெய்ன்தான் பேசினார். பதினாறு வருட இடைவெளி காதில் தெரியவில்லை.

ரெய்னுக்கு என்ன முகம் என்று படம் பார்த்தவரில் நூற்றுக்கு ஒருவருக்கும் தெரியாது. எனது அளவுகோல் அதுதான். இரவல் குரல் திரையில் இருக்கிற உடம்புக்குள் போய்க் குடியிருக்க வேண்டும். பேசியவரின் முகத்தைக் கையோடு கூட்டிவந்து வாசலில் நிறுத்தக்கூடாது. குரல் இனிமையா, கம்பீரமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த அளவுகோலை எனக்குத் தந்தது சினிமா இல்லை, றேடியோ. எங்கள் தலைமுறைக்குக் குரல் பள்ளிக்கூடம் என்றால் இலங்கை வானொலிதான். நாடகத்துக்குச் ‘சானா’ சண்முகநாதன், தொடருக்குச் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’, தனிநடிப்புக்குப் பஸ் கண்டக்டராக வந்து வெளுத்துவாங்கிய கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ‘கோமாளிகள்’ கூட்டம். வானொலியில் சக்கைபோடு போட்டு 1976-இல் திரைப்படமாகவும் வந்தது. அதில் மரைக்காராகப் பேசியவர் எஸ். ராம்தாஸ் என்ற தமிழர். ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீத் என்ற முஸ்லிம். சிங்களவர் தமிழ் கதைத்தால் எப்படியிருக்குமோ அப்படிக் கதைத்து உபாலியானவர் செல்வசேகரன். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாகப் பேசியவர் ராஜகோபால். மரைக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயர் அவர்களுடைய சொந்தப் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று இனமும் ஒரே பஸ்ஸில் நெரிபடுகிற எங்கள் திருகோணமலையில், ஆர் எந்த வழக்கைப் பேசுகிறார் என்று அரை வசனத்தில் பிடித்துவிடுகிற காதுகள் உண்டு. அந்தக் காதுகளையே ராம்தாஸ் ஏமாற்றினார் என்றால் பாருங்கள்.

வானொலிக் கலைஞர்களின் கெட்டித்தனம் தொண்டையில் மட்டும் இருக்கவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் நாலைந்து பேர் பிரதியும் கையுமாக நிற்பார்கள். தாளைப் புரட்டினால் சரசரப்புப் பதிவாகிவிடும் என்பதால், முடித்த தாளைப் பூனைபோல் கீழே நழுவவிடுவார்கள். இரகசியம் சொல்ல வேண்டுமென்றால் ஒலிவாங்கியை ஒட்டி வருவார்கள். வாசலில் நின்று கூப்பிடுகிற காட்சியென்றால் இரண்டடி பின்னால் போய் முகத்தை ஒருபக்கம் திருப்புவார்கள். கேட்கிறவனுக்கு முற்றம், விறாந்தை, குசினி எல்லாம் அந்த இரண்டடியில் தெரியும். பேசுகிறவர் தான் யாரோடு, எவ்வளவு தூரத்தில் நின்று பேசுகிறார் என்பதை மறக்காத பேச்சு அது. இன்றைய டப்பிங் படங்களில் நான் முதலில் தேடுவது இந்தத் தூரத்தைத்தான். பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒரு கிலோமீற்றர் தள்ளிப் பறக்கிற வீரனும் பக்கத்தில் நிற்கிறவனும் ஒரே கண்ணாடி அறையில் இருந்து பேசுவது அப்படியே தெரிகிறது.

சென்னை டப்பிங் பள்ளியைக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். எண்பதுகளில் மோகன் என்ற நடிகரை நாங்கள் காதலித்ததில் பாதி, எஸ். என். சுரேந்தரின் குரலைக் காதலித்தது. ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசிய விக்ரம், பின்னால் தானே நட்சத்திரமானார். அதற்குப் பிறகுதான் பழைய படங்களில் அவரைக் கேட்டு, அட இவரா என்றோம். சிம்ரன், ஜோதிகா இருவருக்கும் சவிதா பேசினார். இரண்டும் ஒரே தொண்டை என்று தியேட்டரில் ஆருக்குத் தோன்றியது? இப்படி இரவல் குரல் கொடுத்தவர்களின் பெயர் அதற்காகச் சுவரொட்டியில் வந்ததில்லை. முகம் தெரியாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்.

ஆங்கிலப் படத்தைத் தமிழாக்குவது இன்னும் கடினமான வித்தை. ஆங்கில வாய் மூடுகிற இடத்தில் தமிழில் ப, ம விழ வேண்டும். ஆங்கிலத்தில் நறுக்கென்று நாலு சொல்லில் முடிகிற வசனம் தமிழில் வினைச்சொல்லைத் தேடிக் கடைசிவரை ஓட வேண்டும். வேறு இடத்தில் தமிழ் முந்தி முடிந்துவிட்டால், வாய் இன்னும் அசைகிறதே என்று ‘பாரு’, ‘ஆமா’, ‘தெரியுமா’ என்று சல்லிக்கல் போட்டு நிரப்புவார்கள். இதையெல்லாம் மன்னிக்கலாம். ஆனால் அயன்மேனுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. பாதி நேரம் இரும்பு முகமூடி, உதடே தெரியாது. முழுப் பாரமும் குரலில்.

அங்கேதான் 2019-இல் பிசகியது. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ்ப் பதிப்புக்கு ஏ. ஆர். முருகதாஸ் வசனம், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா, அயன்மேனுக்கு விஜய் சேதுபதி என்று ஏப்ரலில் தடபுடலாக அறிவித்தார்கள். அந்த மாதம் இலங்கையில் யாரும் சினிமா பேசும் நிலையில் இருக்கவில்லை. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள், அதைத் தொடர்ந்து ஊரடங்கு. படம் வந்தது 26ஆம் திகதி. வீட்டுக்குள் அடைந்துகிடந்த பெடியன்கள் முன்னோட்டத்தைத்தான் கைபேசியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் மருமகன் ஒருத்தன் இரண்டு வசனம் கேட்டுவிட்டு, “மாமா, உள்ளுக்கு இருக்கிறது அயன்மேன் இல்லை, விஜய் சேதுபதி” என்றான். தமிழ்நாட்டு ரசிகர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதிய கோபத்தை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

விஜய் சேதுபதி நல்ல நடிகர். சொல்லின் வாலை விழுங்கி, யோசித்து யோசித்து, சோம்பலாக இழுக்கிற அவருடைய பேச்சு அவருடைய படங்களில் தனி அழகு. ஆனால் ராபர்ட் டவுனி ஜூனியர் நடித்த டோனி ஸ்டார்க், அதாவது அயன்மேன், மற்றவன் வாயெடுக்கும் முன் மூன்று பகிடி விட்டு முடிக்கிற ஆள். அந்த வேகத்தின் மேல் இந்த நிதானத்தைப் போர்த்தியதும் உடம்பு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போயின. அதோடு, முந்திய படங்களில் அந்த வேகத்தைப் பிடித்துப் பேசிப் பழக்கிவிட்டவர்களைத் தள்ளிவைத்து, பத்து வருடக் கதையின் கடைசிப் படத்தில் ஆளை மாற்றியது எந்த வியாபாரக் கணக்கில் சேர்த்தியோ! என் பட்டியலில் பிடிக்காத குரல்களில் இது முதலாவது. குற்றம் தொண்டையில் இல்லை; சுவரொட்டிக்கு ஆள் பிடித்து ஒலிப்பதிவு அறைக்கு அனுப்பியவர்களிடம் இருக்கிறது.

நட்சத்திரம் பேசினாலே கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. 2024 பொங்கலுக்கு வந்த ஆர். ரவிக்குமாரின் ‘அயலான்’ படத்தில் வேற்றுக்கிரகவாசிக்குப் பேசியவர் சித்தார்த். படத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, ஆனால் அந்தக் குரல் அந்தப் பொம்மைக்குப் பொருந்தியது. மெல்லிய, கொஞ்சம் அவசரமான, ஊருக்குப் புதியவனுடைய குரல். படம் முடியும்வரை சித்தார்த்தின் முகம் ஞாபகத்தில் வரவில்லை.

பிடித்ததில் முதலாவது? 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் ரோபோ சிட்டி. அதுவும் முதற்பாதிச் சிட்டி. தமிழ்நாட்டில் ரஜினிகாந்தைவிடத் தெரிந்த குரல் எது? அந்தக் குரல் முகத்தை மட்டுமா, சிகரெட்டையும் துண்டையும் சேர்த்துக் கூட்டிவருகிற குரல். என் அளவுகோலின்படி தோற்றிருக்க வேண்டிய ஆள். ஆனால் இரட்டை வேடத்தில், சிட்டியை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரனுக்கு ஒரு மாதிரியும் சிட்டிக்கு வேறு மாதிரியும் பேசினார். வசன முடிவில் மனிதக் குரல் இறங்கும். சிட்டியின் குரல் இறங்காமல் அப்படியே நிற்கும். மூச்சு வாங்குவது கேட்காது. அதே உடம்பு பிறகு வில்லனாகி, ஆட்டைப்போல ‘மே’ என்று கத்திப் பரிகசிக்கிறபோதுதான் அந்த இயந்திரத்துக்குள் ஒரு மனிதக் கெடுதி புகுந்துவிட்டது என்று விளங்குகிறது. இதே சிட்டி தெலுங்கில் பாடகர் மனோவின் குரலிலும் இந்தியில் மயூர் வியாஸின் குரலிலும் பேசியது. இருவரும் ரஜினிக்கு வழக்கமாகப் பேசுகிறவர்கள். 2018-இல் வந்த ‘2.0’ படத்துக் குட்டி ரோபோவின் கீச்சுக்குரல் எனக்கு ஒத்துவரவில்லை. அது கருவி செய்த வேலை.

மேடைப் பள்ளியையும் ஒரு வரி சொல்லாமல் விடக்கூடாது. 1963-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவது பொன்னுக்கோ மண்ணுக்கோ அல்ல, தங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஒரு பாடகியைத் தூக்கிப்போக. அந்தப் பாடகி பானுமதி, தன் பாட்டைத் தானே பாடுகிறவர். அங்கே டப்பிங் தகராறுக்கே இடமில்லை. விண்வெளிக்காரரும் நாடக மேடைத் தமிழைத் தொண்டை திறந்து பேசினார்கள்.

வெளியுலகில் ஒருவர் உடம்பில் இன்னொருவர் குரல் குடியேறியதற்கு நல்ல உதாரணம் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் டார்த் வேடர். கறுப்பு உடைக்குள் நின்று வசனமும் பேசி நடித்தவர் டேவிட் பிரவுஸ், இங்கிலாந்தின் பிறிஸ்டல்காரர். அவருடைய ஊர்ப்பேச்சு கமக்காரன் பேச்சுப்போல இருக்கிறது என்று படப்பிடிப்பிலேயே பகிடி பண்ணினார்கள். பிறகு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலை மேலே ஏற்றினார்கள். அந்தக் குரலுக்கு நானும் அடிமைதான். ஆனாலும் பிரவுஸை நினைத்தால் ஒரு கரிசனை வரும். எங்கள் தமிழுக்கும் நடந்தது அதுதானே? சென்னையில் செய்து வருகிற டப்பிங்கில் விண்கலத் தலைவனும் சென்னைத் தமிழ், விஞ்ஞானியும் சென்னைத் தமிழ். திருகோணமலைத் தமிழோ கிண்ணியாத் தமிழோ பேசுகிற ஒரு வேற்றுக்கிரகவாசியைக்கூட நான் இன்னும் கேட்டதில்லை.

இப்போது கணினியும் குரல் செய்கிறது. 2022-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ஓபி-வான் தொடருக்கு ஜோன்ஸின் குரலை அவர் சம்மதத்துடன் உக்ரேன் நிறுவனம் ஒன்று கணினியில் உருவாக்கியது. 2024-இல் ‘லால் சலாம்’ பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் குடும்பத்தாரின் அனுமதியோடு ஏ. ஆர். ரஹ்மான் மீட்டெடுத்தார். கணினி குரலை இரவல் கொடுக்கிற காலத்தில் எங்கள் வானொலிக் குரல்களை வைத்து நானும் ஒரு பாத்திரத் தேர்வு நடத்திப் பார்த்தேன், கற்பனையில்தான். டோனி ஸ்டார்க்குக்கு அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா. மூச்சுவிடாமல் விளம்பரத்தையும் பகிடியையும் கலந்து கொட்டுகிற அந்த வேகத்தை டவுனி ஜூனியரே எட்டிப்பிடிக்கத் திணறுவார். முகமூடிக்குள் இருப்பது ராஜா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று யாராவது என் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஆம், தெரிந்துவிடும். ராஜாவுக்காக அதை ஒருநாள் மடித்துவைக்கத் தயார். ஹாலுக்கு ராஜேஸ்வரி சண்முகம். வானொலி நாடக நடிகையாக நுழைந்து அறிவிப்பாளராக வளர்ந்தவர், வெல்லக்கட்டியை நாக்கில் வைத்தபடியே நஞ்சையும் சொல்லக்கூடியவர். பெண் குரலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: கிளார்க்கும் குப்ரிக்கும் எழுதிய ஆரம்பப் பிரதியில் அந்தக் கணினிக்கு அதீனா என்று பெயர், குரலும் பெண் குரல்தான்.