கூண்டில் ஒலித்த குரல்

வழக்குமன்றக் காட்சி என்றால் தமிழ் மேடைக்குத் தனி மயக்கம் உண்டு. கூண்டிலே குற்றவாளியாய் ஏறுபவன், குற்றம் சாட்டுபவனாய் இறங்குவான். கைதட்டல் வானைப் பிளக்கும். ஆனால், அதே கூண்டில் பெண்ணொருத்தி நிற்கும்போது பேசுவது யார்? இந்தக் கேள்வியை உரைகல்லாக்கிப் பார்த்தால்தான் நாடகத்தின் மாற்று விளங்கும்.

கலைஞர் உரையாடல் தீட்டிய 'பராசக்தி' 1952இல் வந்தது. வாழ்விழந்து வதைபட்டவள் கல்யாணி. நாடு மனப்பாடம் செய்ததோ அண்ணன் குணசேகரனின் வாதத்தை! சிலம்பின் கண்ணகி இதனினும் ஒருபடி மேல். வழக்கறிஞர் இல்லை, துணை இல்லை. ஒற்றைச் சிலம்பையே சான்றாக்கி, அரசவையையே கூண்டிலேற்றினாள். எனினும் அவள் வழக்காடியது கணவனுக்காக. தன் உரிமைக்காகத் தானே வாதாடும் பெண் எங்கே?

கற்பனையில் தேட வேண்டா; வரலாறே வரைந்து வைத்திருக்கிறது. 1872 நவம்பர் 5ஆம் நாள், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் சூசன் அந்தனி வாக்களித்தார். அதுவே குற்றம்! 1873 ஜூனில் வழக்கு. நீதிபதி வார்டு ஹன்ட். நடுவர் அனைவரும் ஆண்கள். தம் பொருட்டுச் சாட்சி சொல்லவும் அவருக்குத் தகுதியில்லை என்றது மன்றம். வாதம் முடிந்ததும், எழுதிக் கொணர்ந்த முடிவைப் படித்த நீதிபதி, நடுவரைக் கலந்து பேசவும் விடாமல் குற்றவாளி எனத் தீர்க்கச் செய்தார். பிறகு, சொல்ல ஏதும் உண்டா என்று சடங்குக்குக் கேட்டார். அந்தனி பேசினார், அமரச் சொல்லச் சொல்லப் பேசினார். தண்டம் 100 டாலர். அதைக் கட்ட அவர் இசையவே இல்லை. அவர் மறைந்தது 1906இல். அமெரிக்க அரசமைப்பின் 19ஆம் திருத்தம் மலர்ந்தது 1920இல்!

நாடகமாக இதன் வலிமை எது? கடைசி நொடியில் நீதிபதி மனம் மாறவில்லை. உடன்பிறந்தவராய் வெளிப்படவும் இல்லை. தோற்றவளே வென்றவளாய்த் தோன்றுகிறாள். அதுவே கலை, அதுவே உண்மை.

காவிரிப் படுகைத் திருப்பனந்தாளில் ஒரு தலக்கதை உண்டு. மாலை சூட்ட வந்த தாடகையின் ஆடை நெகிழ, கையுயர்த்த இயலாது தவித்தவளுக்காகச் சிவலிங்கம் தலை சாய்ந்ததாம். சாய்ந்த தலையை அரசன் யானை பூட்டி இழுத்தானாம், முடியவில்லையாம். குங்கிலியக் கலயர் கயிறு பூட்டி நிமிர்த்தினாராம்! கதை கட்டுக்கதை, கட்டியவர் நெஞ்சத்துக்கோ கண்ணாடி. பெண்ணுக்காகக் கல்லே வளைந்தாலும், நிமிர்த்தி வைக்காமல் ஆணுலகம் உறங்குவதில்லை.

சட்டமும் அப்படித்தான் சற்றே சாய்ந்தது. 1921இல், நீதிக்கட்சி ஆட்சியில், மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கியது. மார் தட்டலாம், மறுப்பில்லை. ஆயினும் சொத்தும் வரியும் வாயிற்காவலராய் நின்றன. திருப்பனந்தாள் வயற்சேற்றில் குனிந்து நாற்று நட்ட உழத்திக்குச் சொத்தேது? வாக்கேது? 1951–52 பொதுத்தேர்தல் வரை அவள் காத்திருந்தாள்! அப்போதும், தம் பெயர் சொல்லாமல் 'இன்னார் மனைவி' என்றே பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் இந்திய வாக்காளர் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். பெயரற்றவளுக்கு வாக்கில்லை என்பதன்றோ அதன் பொருள்?

இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் நாற்காலி மனைவிக்கு, நாக்கு கணவனுக்கு என்ற கூத்தைப் பல ஊர்களில் இன்னும் காண்கிறோம்.

மன்றம் அமைத்து நாடகம் நடத்தும் தோழர்களே! அந்தனியின் வழக்கை மேடையேற்றுங்கள். அவளுக்காக முழங்கும் அண்ணன் வேண்டா. அழுது அரற்றும் அபலையும் வேண்டா. அவள் பேசட்டும். அவை கேட்கப் பழகட்டும்!