தி ஜங்கிள் (நாவல்)

தி ஜங்கிள் அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் எழுதிய நாவல். சிகாகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்த புலம்பெயர்ந்தோரின் வாழ்க்கையைச் சொல்கிறது. சின்க்ளேர் அங்கே ஏழு வாரங்கள் தங்கி, தொழிலாளர்களுடன் பழகிய பின் இதை எழுதினார். 1905இல் 'அப்பீல் டு ரீசன்' என்ற சோசலிச வார இதழில் தொடராக வந்து, 1906இல் நூலானது.

லிதுவேனியாவிலிருந்து வரும் யூர்கிஸ் ருட்குஸ், கூடுதலாக உழைத்தால் எந்தக் கஷ்டமும் தீரும் என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கை உடைவதே கதை. குடும்பம் 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்குகிறது. முன்பணம் 300, மாதத் தவணை 12. வட்டி தனி என்பது குடிவந்த பிறகே தெரிகிறது. யூர்கிஸின் வயதான தந்தை, வேலை வாங்கித் தந்தவனுக்குக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிறுவன் ஸ்தானிஸ்லோவாஸுக்கு இரண்டு வயது கூட்டிச் சான்றிதழ் தருகிறார் பாதிரியார். மணிக்கு 5 சென்ட் கூலி. (பள்ளியில் வயதுச் சான்றிதழ்களைக் கையாண்டவர்களுக்கு இந்த இடம் உறுத்தும்.) இந்தப் பகுதிகளைச் சின்க்ளேர் வரவுசெலவுக் கணக்குப் போலத் தொகையோடு எழுதுகிறார். நாவலின் பலம் அதுதான்.

ஆனால் வாசகர்கள் பிடித்துக்கொண்டது வேறு. கெட்ட இறைச்சி, எலி, சாசேஜ் பற்றிய பக்கங்கள் நூலில் கொஞ்சம்தான். அவையே நாட்டை உலுக்கின. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் விசாரிக்க ஆள் அனுப்பினார். 1906 ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும், உணவு மற்றும் மருந்துத் தூய்மைச் சட்டமும் வந்தன. தொழிலாளியின் கூலி, வேலை நேரம், காயம் ஆகியவற்றுக்கு அவற்றில் இடமில்லை. சின்க்ளேருக்கே இது ஏமாற்றம்.

வாசகர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மனைவி ஓனா பிரசவத்தில் இறந்து, மகனும் தெருவில் தேங்கிய நீரில் மூழ்கி இறந்தபின், யூர்கிஸ் என்ற மனிதன் மெல்ல மங்கிப் போகிறான். கடைசி அத்தியாயங்களில் அவன் சோசலிசக் கூட்டங்களில் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்கிறான். கதை நின்றுபோய்ப் பாடம் நடக்கிறது. வேலைநிறுத்தத்தை முறியடிக்கக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களை ஆசிரியர் இழிவாகச் சித்திரிப்பது இதைவிடப் பெரிய குறை. அவர்களும் யூர்கிஸைப் போலப் பிழைப்புத் தேடி வந்தவர்களே.

முழு நாவலையும் படிக்க முடியாதவர்கள், யூர்கிஸ் சிறையிலிருந்து வீடு திரும்பும் பகுதியையாவது படிக்கலாம். வீட்டுக்கு வேறு வண்ணம் பூசியிருக்கிறது. உள்ளே வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்களிடமும் புது வீடு என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.