'நோலி மீ டாங்கரே' புதினத்தில் மொழியும் ஆதிக்கமும்

பிலிப்பைன்ஸ் நாட்டு எழுத்தாளர் ஹோசே ரிசால் (1861-1896) ஸ்பானிய மொழியில் எழுதி, 1887இல் பெர்லின் நகரில் வெளியிட்ட புதினம் 'நோலி மீ டாங்கரே'. 'என்னைத் தொடாதே' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரே இதன் தலைப்பாகும். ஸ்பானியக் காலனி ஆட்சியையும், அவ்வாட்சிக்குத் தூணாக விளங்கிய கத்தோலிக்கத் துறவியர் சபைகளின் அதிகாரத்தையும் இந்நூல் கடுமையாகச் சாடுகிறது. அவ்வாதிக்கம் மொழியின் வழியே செயற்பட்ட முறையை இந்நூல் எவ்வாறு காட்டுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுக்கப்பட்ட மொழி

தொடக்கக் கல்வியில் ஸ்பானிய மொழியைக் கற்பிக்கவேண்டும் என்று 1863ஆம் ஆண்டின் அரசாணை விதித்தது. நடைமுறையோ வேறாக இருந்தது. புதினத்தில் சான் தியேகோ ஊரின் பள்ளி ஆசிரியர் மாணவர்க்கு ஸ்பானியம் கற்பிக்க முயல்கிறார். பிரான்சிஸ்கன் துறவியான தாமாசோ அவரை எள்ளி நகையாடி, இரவல் ஆடை வேண்டாம், சொந்த மொழியே உனக்குப் போதும் என்னும் பொருள்பட இடித்துரைக்கிறார். இது தாய்மொழிப் பற்றன்று. ஆள்வோர் மொழியை மக்கள் அறிந்தால் இடைத்தரகராகிய துறவியின் செல்வாக்கு குன்றும் என்ற அச்சமே எனலாம்.

இதன் விளைவைத் தாமாசோவின் திருவிழா மறையுரையில் காண்கிறோம். ஸ்பானியத்தில் அமைந்த முற்பகுதியில் ஊர் மக்களுக்கு எட்டுவன காவலர், கொள்ளையர், புனிதர் பெயர் முதலிய சில சொற்களே. அவற்றைக் கோத்து அவர்கள் தாமே ஒரு பொருள் கற்பித்துக்கொள்கின்றனர். நகைச்சுவையாகத் தோன்றும் இக்காட்சி, ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையிலுள்ள பிளவை உணர்த்துகிறது.

மறைக்கப்பட்ட தாய்மொழி

காவற்படை அதிகாரியின் மனைவி கான்சொலாசியோன் மண்ணின் மகள். எனினும் தாகலோக் மொழி அறியாதவள்போல் நடித்து, சிதைந்த ஸ்பானியம் பேசுகிறாள். மைந்தரைப் பறிகொடுத்துப் பித்தான சீசாவைப் பாடுமாறு அவள் ஏவுகிறாள். பாட்டின் துயரம் நெஞ்சைத் தைக்கவே, பாடாதே என்று தன்னை மறந்து தூய தாகலோக்கில் கூவிவிடுகிறாள். வேடம் கலைந்த நாணத்தால் அவளது கொடுமை மேலும் மூர்க்கமாகிறது. ஆதிக்கம் உள்ளத்தின் ஆழம்வரை புகுந்திருப்பதை இக்காட்சியைப்போல் உணர்த்தும் இடம் இப்புதினத்தில் வேறில்லை.

ஆசிரியரின் இடர்ப்பாடு

இங்கு ஒரு முரண் எழுகிறது. கான்சொலாசியோனின் அத்தாகலோக் கூற்றையும் ரிசால் ஸ்பானியத்திலேயே தருகிறார். அவரது நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் அம்மொழியைப் படிக்க அறியாதவர். அறிஞர் தாசியோ என்னும் பாத்திரம் இம்முரணை நன்கு விளக்குகிறது. தாசியோ தாகலோக்கில் எழுதுகிறார். ஆனால் பிறர் படிக்க இயலாத சித்திர எழுத்தில், வருங்காலத் தலைமுறைக்காக எழுதுகிறார். தாய்மொழியில் எழுதியும் இன்றைய வாசகரை இழப்பவர் அவர். இன்றைய வாசகரைப் பெறத் தாய்மொழியை விடுத்தவர் ரிசால். பிற்காலத்தில் தாகலோக்கிலேயே ஒரு புதினத்தைத் தொடங்கி, முடிக்காது விட்டமை அவருடைய மனப்போராட்டத்திற்குச் சான்றாகும்.

முடிவுரை

1909இல் பஸ்குவால் போப்ளேட்டேயின் தாகலோக் மொழிபெயர்ப்பு மணிலாவில் வெளிவந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் ரிசாலின் படைப்புகளைக் கல்வி நிலையங்களில் கட்டாயப் பாடமாக்கியது. நூல் இவ்வாறு தன் மக்களைச் சென்றடைந்தது. ஆயினும் மொழிபெயர்ப்பில் ஒன்று மங்கிவிடக்கூடும். எல்லாப் பாத்திரங்களும் ஒரே மொழியில் பேசும்போது, யார் எம்மொழியில் பேசினார், எம்மொழியை மறைத்தார் என்பது வாசகர் செவிக்கு எட்டுவதில்லை. கான்சொலாசியோனின் கூக்குரல் வெறும் கட்டளையாகக் குன்றிவிடுகிறது. இப்புதினத்தை எம்மொழியில் பெயர்ப்போரும் அவ்வேறுபாட்டைக் காக்க வழி காணவேண்டும். நூலின் அரசியலில் ஒரு பெரும்பகுதி அவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.