ஸ்டிக்கரைப் படியுங்கள்

நடுத்தர பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ரிச்சி தெருவுக்கு வருகிறவர்கள் முதலில் பேசுவது பிராசஸரை, அடுத்து கிராபிக்ஸ் கார்டை. எஸ்எம்பிஎஸ் முறை வரும்போது கையில் காசு கரைந்திருக்கும். "கேபினட்டோடயே ஒண்ணு வரும் சார்" என்பார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாக ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான் குடிக்கும். ஸ்டிக்கரில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 25 ஆம்பியர் என்றிருந்தால், உருப்படியாகக் கிடைப்பது 300 வாட். அந்தப் பொடி எழுத்தில்தான் சரக்கு இருக்கிறது. 2004-ல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாது என்பதை மட்டுமே சொல்லும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் காப்பாற்றுமா என்பதைச் சொல்லாது.

ராமில் ஒரே 16 ஜிபியை விட 8 ஜிபி இரண்டு நல்லது. இரண்டு சேனலும் ஓடும். போர்டு ஏஎம்5 என்றால் பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் அப்போதும் கூடவே வரும். 7 வருட, 10 வருட வாரண்டியோடு விற்பவை உண்டு. ஆர்ஜிபி ஃபேனைத் தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம்.