ஏலத்தில் ஏறும் சித்திரங்களும் சுவரில் இருக்கும் சித்திரங்களும்

ஒரு சித்திரத்துக்குக் கிடைக்கும் விலை அதன் அழகுக்கு அளிக்கப்படும் சன்மானம் என்று பாமரரும் படித்தவரும் ஒருங்கே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மிக உயர்ந்த விலைக்குப் போன சித்திரங்களின் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு புரட்டிப் பார்ப்பவருக்கு, அழகு அங்கே ஒரு காரணமாயினும் முதற்காரணம் அன்று என்பதும், இடம்விட்டு இடம் பெயரக்கூடியதாயிருத்தல், இன்னார் எழுதியது என்பதற்குச் சாட்சியம் இருத்தல், அதை அடைவதற்குத் தனவந்தர் பலர் போட்டியிடுதல் ஆகிய மூன்றும் கூடினாலன்றி எத்துணை அற்புதமான சிருஷ்டிக்கும் கோடிக்கணக்கில் விலை பிறப்பதில்லை என்பதும் தெளிவாக விளங்கும்.

லியனார்டோ டா வின்சி எழுதியதாகச் சொல்லப்படும் ‘சால்வத்தோர் முந்தி’ என்னும் இரட்சகர் படத்தை எடுத்துக்கொள்வோம். 2017 நவம்பர் 15 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில் இது 45 கோடியே 3 லட்சம் டாலருக்குப் போயிற்று. இதே பலகைதான் 1958-இல் லண்டன் ஏலமொன்றில் வெறும் 45 பவுனுக்கும், 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கும் கைமாறியது. மேற்பூச்சுகளை நீக்கிச் செப்பனிட்டதும், ஆசிரியர் இவரே என்று நிபுணர் சிலர் தீர்ப்பளித்ததுமே இடையில் நிகழ்ந்தவை. அந்தத் தீர்ப்பை ஏற்காத நிபுணர் இன்றைக்கும் இருக்கிறார்கள். பெயர் ஒன்று ஏறியதும் விலை லட்சக்கணக்கான மடங்கு ஏறியது என்றால், வாங்கியவர் எதை வாங்கினார் என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. டி கூனிங் எழுதிய ‘இன்டர்சேஞ்ச்’ 2015-இல் தனிப்பேரமாக 30 கோடி டாலருக்குப் போனதையும், 2025 நவம்பரில் கிளிம்ட் எழுதிய எலிசபெத் லெடரர் உருவப்படம் சதபீஸ் ஏலத்தில் 23 கோடியே 64 லட்சம் டாலரை எட்டியதையும் இங்கே பெயரளவில் குறித்துவிட்டு மேலே செல்லலாம். அவற்றிலும் கதை ஏறக்குறைய இதுவே.

நம் தேசத்துச் சித்திரங்களுக்கு இந்தச் சந்தையில் இடம் கிடைத்தது வெகு சமீபத்தில்தான். 2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல், அதாவது சுமார் 118 கோடி ரூபாய்க்கு, ஏலம் போனது. 1954-இல் தீட்டப்பட்ட அந்தப் பதினான்கு அடி நீளச் சித்திரத்தை, உலக சுகாதார நிறுவனப் பணியாக டில்லிக்கு வந்திருந்த வோலோதார்ஸ்கி என்ற வைத்தியர் அவ்வருஷமே வாங்கிக்கொண்டு போய், பின்னர் ஆஸ்லோ நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தானமாக அளித்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நோயாளிகளும் வைத்தியர்களும் நடமாடும் கட்டிடமொன்றில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, இளம் வைத்தியர்களின் பயிற்சிக்குப் பொருள் சேர்ப்பதற்காக அது ஏலத்துக்கு வந்தது. கிராமத்து ஜனங்களின் உழவையும் திருகையையும் வண்டியையும் காட்டும் சித்திரம் ஒன்று வைத்தியக் கல்விக்குப் பயன்பட்டது எனக்கு மனநிறைவையே தருகிறது. விலை உயர்ந்த சித்திரங்களின் வரலாற்றில் இத்தகைய முடிவு அபூர்வம்.

ராஜா ரவிவர்மாவின் விஷயம் வேறு. திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வர்ணம் கையாண்டுவந்த மதுரை ராமசாமி நாயக்கரின் வேலையைப் பார்த்தே இளமையில் அந்த முறையில் அவருக்கு நாட்டம் விழுந்தது. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்ற பிறகே அவருடைய கீர்த்தி தேசமெங்கும் பரவியது. அவருடைய ‘யசோதை கிருஷ்ணன்’ 2023-இல் 38 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அவரும் அம்ரிதா ஷெர்-கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் முதலியோருமாக ஒன்பது சித்திரக்காரர்களின் படைப்புக்களை, 1972-ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டத்தின்கீழ் கலைப் பொக்கிஷங்களாக அறிவித்து, அவற்றை தேசத்துக்கு வெளியே கொண்டுபோகலாகாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆகவே இந்தியாவில் உள்ள அவர்கள் படங்களுக்கு உலகத்துக் கோடீசுவரர்கள் போட்டியிட இயலாது. உள்நாட்டுச் செல்வரே வாங்கவேண்டும். அப்படியிருந்தும் ஷெர்-கில் 1937-இல் எழுதிய ‘கதை சொல்லி’ 2023-இல் 61 கோடியே 80 லட்சம் ரூபாயை எட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் எஸ்.எச். ரஜாவின் ‘ஜெஸ்டேஷன்’ 51 கோடியே 75 லட்சம் ரூபாய்க்குப் போனது. பிரெஞ்சு அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் 1950-இல் பாரீஸ் சென்று, அறுபது வருஷம் அந்நாட்டில் வாழ்ந்து, மத்தியப் பிரதேசத்துக் காட்டுக் கிராமத்தில் பள்ளியாசிரியர் காட்டிய ஒரு புள்ளியை பிந்துவாகத் தியானித்துக்கொண்டேயிருந்த அந்த மனிதரின் சித்திரம், புதுச்சேரிக்காரர் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் ஏலத்துக்கே வராத சித்திரங்கள் உண்டு. ஸ்ரீ அரவிந்தாசிரமத்து அன்னை பாரீஸில் மீரா அல்ஃபாஸாவாக இருந்த காலத்தில் அகாடெமி ஜூலியானில் ஓவியம் பயின்றவர். 1903 முதல் 1905 வரை அந்நகரத்து ஸலோன் கண்காட்சிகளில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. அவர் 1897-இல் மணந்த ஆன்ரி மொரிஸ்ஸே, ஓவியர் குஸ்தாவ் மொரோவின் மாணாக்கர். அதே மொரோவிடம் பயின்றவர்தான் மத்தீஸ். மத்தீஸின் மலர்களிடையே படுத்திருக்கும் பெண்ணின் படம் 2018-இல் 8 கோடி டாலரைத் தாண்டியது. அன்னையின் வேலைகளோ ஆசிரமத்தின் பாதுகாப்பில், ஏலக்காரர்களின் அட்டவணைக்கு அப்பால் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கேட்டுக்கொண்டபடி கோயில் தெய்வங்களையும் ஊர்த் தொழிலாளரையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்த இந்தப் பக்கத்துச் சித்திரக்காரர்களின் ஆல்பங்கள் சில பாரீஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. எழுதியவர்களின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. பெயர் இல்லாததால் சந்தை அவர்களைக் கவனிப்பது குறைவு.

விலைக்கும் மதிப்புக்கும் உள்ள வேற்றுமையை ஒரே மனிதருடைய வாழ்க்கையில் காணவேண்டுமானால், 1909-இல் புதுச்சேரிக்கு வந்து கல்லூரி ஆசிரியராக அமர்ந்து, 1945-இல் இங்கேயே காலமான கப்ரியேல் ழூவோ துப்ரேயைத்தான் பார்க்கவேண்டும். தென்னிந்தியக் கோயிற் கட்டிடக் கலையின் வளர்ச்சியை, தூண்மேல் அமையும் போதிகையின் வடிவமும் கூரைவிளிம்பில் அமையும் கூட்டின் வளைவும் காலத்துக்குக் காலம் மாறுவதைக் கொண்டே வரிசைப்படுத்திக் காட்டிய அவருடைய 1914-ஆம் வருஷத்து நூலை இன்றும் ஆராய்ச்சியாளர் புறக்கணிக்க முடியாது. ஆயினும் அவரே பாரீஸில் இருந்த லூ என்ற சீன வியாபாரிக்குத் தென்னாட்டுச் சிற்பங்களை அனுப்பிக்கொண்டும் இருந்தார். காஞ்சிபுரத்தைச் சுற்றிய பகுதியில் 1926-இல் அவர் கண்டெடுத்த, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினி தேவியரின் விக்கிரகங்கள் புறப்பட்டுச் சென்று, ஒரே குலத்துச் சகோதரிகள் திக்குக்கொருவராக மணம் செய்து கொடுக்கப்பட்டதுபோல், பாரீஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய நகரங்களின் பொருட்காட்சி சாலைகளில் சிதறிக் கிடக்கின்றன. 1904-ஆம் வருஷத்துப் புராதனச் சின்னச் சட்டம் பிரெஞ்சுக் கொடி பறந்த இந்த ஊரில் அன்று செல்லுபடியாகவில்லை. அவர் செய்த அந்தக் காரியத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை; விக்கிரகங்கள் சேர்ந்து நின்ற சன்னிதி எது என்பதுகூட அதனால் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது.

அப்படிப்பட்டவரே, தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவோடு சேர்ந்து சித்தன்னவாசலின் தாமரைத் தடாகச் சித்திரத்தை 1920-ஐ ஒட்டி உலகம் அறியச் செய்தார். 1931 தொடக்கத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் ராஜசிம்ம பல்லவன் காலத்து வர்ணத்தைக் கண்டறிந்தார். அதே வருஷம் தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய இருண்ட வழியில், நாயக்கர் காலத்துப் பூச்சின் அடியில் ராஜராஜன் காலத்துச் சித்திரங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினார். கல்லைப் பெயர்த்துக் கப்பலேற்ற முடியும். சுண்ணாம்பில் ஊறிய வர்ணத்தைப் பெயர்ப்பது எளிதன்று. பெயர்க்க முடியாததால் அவை நம்மிடம் தங்கின. பெயர்க்க முடியாததாலேயே அவற்றுக்கு விலை இல்லை. விலை இல்லாததால் பலருடைய நெஞ்சில் அவற்றுக்கு மதிப்பும் இல்லாமற் போயிற்று.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பனைமலையில், ராஜசிம்மன் எடுப்பித்த தாலகிரீசுவரர் கோயிலின் ஒரு சிற்றாலயத்துச் சுவரில், குடைநிழலில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, சிவபெருமான் ஆடும் நடனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் உமாதேவி. ஆடுகிறவரின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவளின் மகுடமும், சரிந்த முகமும், உடலின் வளைவும் எஞ்சியிருக்கின்றன. கோட்டை இழுத்த கை எவருடையதென்று தெரியாவிட்டாலும், அந்தக் கோட்டின் உறுதியை எந்த ஏலக்கூடத்துப் படத்தோடும் நான் தயங்காமல் ஒப்பிடுவேன். அஜந்தாவுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ஓவியக்கலை தமிழ்நாட்டில் எப்படி நடந்துவந்தது என்பதற்கு இருக்கும் சொற்பச் சாட்சியங்களில் இது ஒன்று.

இத்தகைய சித்திரங்களுக்கு வரும் ஆபத்து திருடனால் அன்று. ஒழுகும் மழைநீராலும், சுவரில் பூக்கும் உப்பாலும், விளக்குப் புகையாலும், வௌவாலாலும், பெயர் கிறுக்குகிற கையாலும், பக்தியோடு அடிக்கப்படும் வெள்ளையடிப்பாலும்தான். மோனா லிசா 1962-இல் அமெரிக்காவுக்குப் பயணம் புறப்பட்டபோது அதன் மதிப்பு 10 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் இன்ஷூரன்ஸ் கட்டணத்தைக் காட்டிலும் காவலுக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் செலவு குறைவு என்று கண்டு பிரெஞ்சு அரசாங்கத்தார் இன்ஷூரன்ஸ் எடுக்காமலே அனுப்பினார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி பொதுச் சேகரிப்பில் உள்ள அந்தச் சித்திரத்தை விற்க முடியாது. விற்க முடியாத பொருளுக்குக் காவலே விலை என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் சுவர்ச் சித்திரங்களுக்கு அந்தக் கணக்கை நாம் இன்னும் முழுமையாகப் போட்டுப் பார்க்கவில்லை.

1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னாட்டுக் கோயில்களைப் பல பதிற்றாண்டுகளாகப் புகைப்படம் எடுத்துச் சேர்த்திருப்பது மகத்தான தொண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவையாதலால் வர்ணத்துக்குச் சாட்சி சொல்லா. ஆங்கிலேய ஓவியரான லேடி ஹெரிங்ஹாம் அஜந்தாவில் பிரதி எடுக்கச் சென்றபோது இளைஞரான நந்தலால் போஸ் உடன் சென்று, சுவரின் முன் அமர்ந்து கோடு கோடாகப் பயின்றார்; அந்தப் பயிற்சி வங்கத்து ஓவியத்தின் போக்கையே மாற்றியது. அதே காரியத்தை அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்தின் மாணவர்கள் பனைமலையில் தொடங்கலாம்: ஒவ்வொரு வகுப்பும் சில வாரம் தங்கி, அளவெடுத்து, வர்ணம் பொருத்தி, முழுப் பருமனில் ஒரு பிரதி செய்து, ஊரில் மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்கவேண்டும், பிறகு காஞ்சிக்கும் சித்தன்னவாசலுக்கும் போகலாம். செலவைப் புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு அரசாங்கங்களும் பங்கிட்டுக்கொள்ளட்டும். உமாதேவியின் முகத்தில் எஞ்சியுள்ள வர்ணம் இருக்கும்போதே, அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாகவே, முதல் வகுப்பு புறப்படவேண்டும்.